கல்ஃபிலும் மாலத்தீவிலும் ஐக்கியம் நடத்தும் நம்மவர்களுக்கு மலையிலிருந்து ஆன்லைன் வேதபாடம்: முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் எந்தச் சபையை எடுத்துக்கொண்டாலும் நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். ரியாத்தில் டிரைவர், தம்மாமில் எலக்ட்ரீஷியன், குவைத்தில் நர்ஸ், மாலேயில் ஹோட்டல் வேலை. அவர்களில் சிலர் வேலை முடிந்து வந்து, அறையில் கூடும் சிறு ஐக்கியத்தை நடத்துகிறார்கள். வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் பத்துப் பேருக்கு வசனம் சொல்லும் பொறுப்பு அவர்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. ஊருக்கு ஃபோன் பண்ணி, "பாஸ்டர், எனக்கு ஒழுங்கா சொல்லிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்பவருக்கு இங்கிருந்து பாடம் நடத்த நினைக்கும் போதகர்கள், மூப்பர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வாலிபர் குழுவினருக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் நாளே ஜூம் லிங்க், இரண்டாம் நாள் போஸ்டர், மூன்றாம் நாள் வாட்ஸாப் குழு, அப்புறம்தான் என்ன பாடம், யாருக்குப் பாடம் என்ற யோசனை. சரியான வரிசை இதற்கு நேர் எதிர்: நாடு, ஆள், பாடம், கடைசியில் லிங்க். வகுப்பில் யாருக்கு இழப்பு அதிகமோ அவரை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும்.

1. நாட்டை முதலில் படியுங்கள்

"கல்ஃப்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். சவுதி அரேபியாவில் தேவாலயக் கட்டடமே கிடையாது. இஸ்லாம் அல்லாத வழிபாட்டைப் பொதுவில் நடத்தத் தடை இருக்கிறது. வீட்டுக்குள் ஜெபிப்பதைக் கண்டுகொள்வதில்லை என்று அரசுத் தரப்பில் சொன்னாலும், அதை நம்பி நிற்கத் தெளிவான சட்டப் பாதுகாப்பு இல்லை.

அமீரகத்தில் கதை வேறு. துபாயின் ஜெபல் அலியிலும் அபுதாபியிலும் ஆட்சியாளர்கள் கொடுத்த நிலத்தில் தேவாலயங்கள் நிற்கின்றன. தமிழ் ஆராதனையும் நடக்கிறது. கத்தாரில் தோஹாவை ஒட்டிய மெசைமீரில் அதற்கென ஒரு வளாகம் உண்டு. இந்த நாடுகளில் அனுமதித்த வளாகத்துக்கு வெளியே கூடும்போதுதான் சிக்கல் வருகிறது. எனவே அங்கே இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "பக்கத்தில் அனுமதியுள்ள சபை இருக்கிறதா, அதன் தலைவர்களுக்கு உங்களைத் தெரியுமா?" என்பதைத்தான். இருந்தால் நம் வகுப்பு அதற்குத் துணையாக இருக்கட்டும், போட்டியாகப் போகக் கூடாது.

மாலத்தீவு நமக்குப் பக்கத்தில் இருப்பதால் எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்நாட்டின் 2008 அரசியலமைப்புப்படி முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாகவே முடியாது. வெளிநாட்டவர் பொதுவில் வழிபடவும் முடியாது. சீனாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே 2022 மார்ச் 1 முதல் இணையத்தில் மத போதனை வெளியிட அரசு உரிமம் வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டு அமைப்புகளுக்கு அந்த உரிமம் கிடையாது.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கூடுவது, வேதப் புத்தகம் வைத்திருப்பது, இணையத்தில் போதனை கேட்பது, பிறரிடம் மதம் பேசுவது என நான்கு விஷயங்கள் போதும். எழுதியதை அங்கே இருப்பவரிடம் காட்டித் திருத்துங்கள். அவர் ஒன்றை "வேண்டாம்" என்று சொன்னால் அதுதான் கடைசி வார்த்தை. குன்னூரில் உட்கார்ந்துகொண்டு, "விசுவாசத்தோடு செய்யுங்க தம்பி" என்று அவரைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அங்கே பிரச்சினை வந்தால் வேலை போகும், விசா ரத்தாகும், கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பேற்ற அங்குள்ள முதலாளி) திருப்பி அனுப்புவார். விசாவுக்காக வாங்கிய கடன் இங்கே லைன் வீட்டில் இருக்கும் அம்மாவின் பெயரில் இருக்கும். பாடம் நடத்தியவருக்கு ஒன்றும் ஆகாது.

2. ஆளைச் சேர்க்கும் முறை

ஏற்கனவே ஒரு சிறு குழுவை நடத்திக்கொண்டிருப்பவரை மட்டும் எடுங்கள். ஆர்வம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. கற்றதை அந்த வாரமே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் இந்தப் படிப்பு குறிப்பு நோட்டிலேயே நின்றுவிடும்.

அவரை நேரில் அறிந்த இரண்டு பேராவது அவருக்காகப் பேச வேண்டும். ஒருவர் ஊர்ச் சபையிலிருந்து, இன்னொருவர் அங்கே கூட இருப்பவர் என்றால் நல்லது. லிங்க் ஃபார்வர்டு ஆகி வந்து சேர்ந்தவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் உள்ளே விடாதீர்கள். அப்புறம் தனியாக ஒரு அழைப்பு. அரை மணி நேரம் பேசினால் போதும்: எந்த ஷிஃப்ட், அறையில் எத்தனை பேர் தங்குகிறார்கள், ஃபோன் சொந்தமா கம்பெனி கொடுத்ததா, வாரத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் கிடைக்கும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. இகாமா (சவுதியில் தங்கும் அனுமதி அட்டை) எண், கம்பெனி பெயர், கூடும் இடம், ஐக்கியத்துக்கு வருகிறவர்களின் பெயர். இதெல்லாம் நமக்கு எதற்கும் தேவைப்படாது. நம்மிடம் இல்லாத தகவல் நம்மிடமிருந்து வெளியே போகாது. கூகுள் ஃபார்ம் அனுப்பிப் பெயர், தேதி, முகவரி, பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ எல்லாம் கேட்கும் பழக்கம் நம் சபை ஆபீஸ்களில் இருக்கிறது. இந்த ஒரு வேலையில் அதை விட்டுவிடுங்கள்.

ஒரு வகுப்புக்கு ஐந்தாறு பேர். அதற்கு மேல் போனால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாத கூட்டமாகிவிடும். யார் கேட்கிறார்கள் என்றே தெரியாமல் போகும். முடிந்தால் ஒரு வகுப்பில் ஒரு நாடு மட்டும். துபாயில் இருப்பவர் சாதாரணமாகச் சொல்லும் ஒரு விஷயம் ரியாத்தில் இருப்பவரின் ஃபோனில் ஏறுவது நல்லதல்ல.

இது ஏற்கனவே விசுவாசத்தில் இருக்கும் தமிழருக்கான வகுப்பு. அந்நாட்டுக் குடிமக்கள் யாராவது கேட்டு வந்தால் அவர்களுக்கு உள்ள ஆபத்து முற்றிலும் வேறு அளவு. இந்தக் குழுவில் கலக்காதீர்கள்.

3. இங்கே தயாராக இருக்க வேண்டியவை

மூன்று பேர் வேண்டும். ஒருவர் போதிக்க, ஒருவர் மாணவர்களோடு தொடர்பில் இருக்க, ஒருவர் ஒலிப்பதிவும் ஆப் வேலையும் பார்க்க. எல்லாவற்றையும் பாஸ்டரே செய்தால் முதல் கன்வென்ஷன் சீசனிலேயே வகுப்பு நின்றுவிடும். போதிப்பவருக்கு மாணவரின் ஊழியப் பெயர் தெரிந்தால் போதும். நிஜப் பெயரும் எண்ணும் தொடர்பாளர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

மலையில் நமக்கென்று சில தொல்லைகள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டி, கூடலூர் பக்கமும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மழை பிடித்தால் கற்பூர மரம் ஒன்று லைன் மேல் சாய்ந்து கரண்ட் போகும். கூடவே நெட்டும் போகும். அந்த மாதங்களில் நேரலையை நம்பி வகுப்பை அமைக்காதீர்கள். இன்வெர்ட்டரில் மோடத்துக்கு இணைப்பு கொடுத்து வையுங்கள். ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் ஃபோன் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சாவது குறைவு. வீட்டில் எந்த ஜன்னலோரம் சிக்னல் நிற்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பு நேரத்தில் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டாம்.

4. ஃபோன், ஆப், பெயர்

வாட்ஸாப் குழுவில் சேர்த்தவுடன் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் ஃபோன் பிடிபட்டால் மற்ற ஐவரின் எண்ணும் அதில் இருக்கும். அதனால் குழு வேண்டாம். தொடர்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பட்டும். வேலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

மாணவருக்கு வசதிப்பட்டால் சிக்னல் ஆப் நல்லது. அதில் எண்ணை மறைத்து யூசர்நேம் மட்டும் காட்டலாம். செய்தி தானாக அழியும் நேரத்தையும் வைக்கலாம். ஆனால் அவருடைய ஃபோனில் அந்த ஆப் இருப்பதே கேள்வியைக் கிளப்பும் என்றால், எல்லாரும் வைத்திருக்கும் வாட்ஸாப்பே மேல். வாட்ஸாப் என்றால் மூன்றைச் சரிசெய்யச் சொல்லுங்கள்: செய்தி தானாக மறையும் வசதியை இயக்குவது, வரும் படமும் ஆடியோவும் கேலரியில் தெரியாதபடி நிறுத்துவது, கூகுள் டிரைவ் பேக்கப்பை அணைப்பது. பேக்கப்புக்குத் தனியாகக் குறியாக்கத்தை (பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவதை) இயக்காவிட்டால் அங்கே போகும் நகல் அந்தப் பூட்டு இல்லாமல்தான் இருக்கும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. டெலிகிராம் குழுக்களில் முழுக் குறியாக்கமே இல்லை. "டெலிகிராம்தான் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேம்ப் வைஃபை, கம்பெனி ஃபோன் இரண்டையும் வகுப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொந்த ஃபோன், சொந்த டேட்டா.

விபிஎன் (நம் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம் அடையாள எண்ணை, மாற்றிக் காட்டும் ஆப்) போடுங்கள் என்று நாம் சொல்லக் கூடாது. அமீரகத்தில் குற்றம் ஒன்றைச் செய்யவோ மறைக்கவோ அப்படி ஐபி முகவரியை மாற்றினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், சிறையும் உண்டு. அங்கே வாட்ஸாப்பில் பேசத்தான் முடியாது. செய்தியும் குரல்பதிவும் போகும். அதற்கேற்ப வகுப்பை வடிவமைத்தால் குறுக்குவழி தேவையே வராது.

பெயர் விஷயம். ஜூமில் நுழையும்போது "பாஸ்டர் இன்னார், ரியாத்" என்று காட்டும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். வகுப்புக்கும் "வேதபாட வகுப்பு" என்று தலைப்பு வைக்காதீர்கள். "புதன் வகுப்பு" போதும். பாடத்தாளைப் பிடிஎஃப் ஆக்கும்போது எழுதியவர் பெயரும் சபைப் பெயரும் ஃபைலுக்குள் ஒளிந்து போகும், அதையும் துடைத்து அனுப்புங்கள்.

அப்புறம் போஸ்டர். நம்மவர்களுக்குப் போஸ்டர் இல்லாமல் எதுவும் தொடங்காது. நீல நிறப் பின்னணி, கோட் போட்ட செய்தியாளர் படம், கீழே "அனைவரும் வருக". இந்த வகுப்புக்குப் போஸ்டர் கிடையாது. ஸ்கிரீன்ஷாட் கிடையாது. "இன்று ஆறு நாடுகளிலிருந்து கலந்துகொண்டார்கள்" என்று ஸ்டேட்டஸ் கிடையாது. சபை ஜெப அட்டையில்கூட நாட்டின் பெயர் வர வேண்டாம். குழுவில் புதிதாகச் சேரும் உதவியாளர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

5. பாடத்தைத் தயாரிப்பது

இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும். புதியவர்கள் தங்களிடம் இருக்கும் வேதாகமக் கல்லூரி நோட்ஸை அப்படியே தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். "இறையியலுக்கு ஓர் அறிமுகம்", பதினான்கு பக்கம். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருப்பவர் அதைத் திறக்கவே மாட்டார்.

முதலில் ஒரு முழுப் புத்தகத்தை எடுங்கள், சிறியதாக. பிலிப்பியர் நல்ல தொடக்கம்: நான்கே அதிகாரம், பவுல் காவலில் இருந்து எழுதியது, பணம், வேலை, சண்டை, சமாதானம் எல்லாம் இருக்கிறது. அடுத்து தீத்து, மூன்றே அதிகாரம். சபைத் தலைவன் எப்படி இருக்க வேண்டும் என்பது முதல் அதிகாரத்திலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு மாற்கு. தலைப்பு வாரியான பாடங்கள், அதாவது "பரிசுத்த ஆவியானவர்", "கடைசிக் காலம்" போன்றவை, பின்னால் வரட்டும். புத்தகமாகப் படிக்கப் பழகாதவர் தலைப்புப் பாடத்தில் வசனங்களைப் பொறுக்கி எடுக்கத்தான் கற்றுக்கொள்வார்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நம் சபைகளில் வாக்குத்தத்த அட்டைப் பழக்கம் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. புதுவருட ஆராதனையில் ஒரு வசனத்தை எடுத்து, வருடம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு போவோம். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதை மட்டும் படித்துவிட்டு, "இந்த வருஷம் சம்பளம் கூடும், கஃபீல் மாறுவார்" என்று ஐக்கியத்தில் பிரசங்கித்த தம்பிகள் உண்டு.

அந்த அதிகாரத்தையே ஒரு பாடமாக வைத்துப் பாருங்கள். முதலாம் வசனத்திலிருந்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இது யாருக்கு எழுதிய கடிதம்? சொந்த ஊரிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. ஐந்தாம் வசனத்தில் என்ன செய்யச் சொல்கிறார்? வீடு கட்டு, தோட்டம் வை. ஏழாம் வசனத்தில்? இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு, அதற்காக ஜெபி. பத்தாம் வசனத்தில் எவ்வளவு காலம்? எழுபது வருடம். இவ்வளவும் தாண்டித்தான் பதினோராம் வசனம் வருகிறது. அந்த இடத்தில் வழக்கமாகக் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். சொந்த ஊரை விட்டு வந்து பல வருடம் ஆனவருக்கு இந்த அதிகாரத்தை நாம் விளக்கத் தேவையில்லை. வரிசையாக வாசிக்க வைத்தால் போதும்.

பாடத்தாள் ஒரே பக்கம். மேலே வேதப்பகுதி, அதன் கீழ் மூன்று கேள்வி: இதில் என்ன சொல்லியிருக்கிறது, அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அது என்ன, நம் ஐக்கியத்தில் இதை எப்படிச் சொல்வது. அதற்கும் கீழே அந்த வாரத்துக்கு ஒரு வேலை. விடைகளை எழுதி அனுப்பாதீர்கள். விடை கையில் இருந்தால் அதை அப்படியே ஐக்கியத்தில் வாசித்துவிடுவார். வேதப்பகுதியைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலையே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலோருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான். புரியாத இடத்தில் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றை ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம். கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர் இருந்தால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அவர் கையில் இருக்கும். அதில் பெயர்கள் வேறு மாதிரி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் அதிலேயே போகும்.

பாடத்தில் அந்த நாட்டையோ அதன் மதத்தையோ தாழ்த்தி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. சட்டச் சிக்கல் ஒரு காரணம். அவருக்குச் சோறு போடும் ஊர் அது, பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் அந்த மதத்துக்காரர் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

6. ஒலிப்பதிவு

பாடத்தாளோடு பத்து நிமிட ஆடியோ ஒன்று. வீடியோ வேண்டாம்: முகம் தெரியும், டேட்டா தின்னும், அறையில் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். ஆடியோவை ஒரு காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகும்போதே கேட்டுவிடலாம்.

மோனோவில், நொடிக்கு 32 கிலோபிட் அளவில் சேமித்தால் பத்து நிமிடம் சுமார் 2.4 எம்பிதான் வரும். பேச்சுக்கு அது தாராளம். சாதாரண ஃபோனில் உள்ள ரெக்கார்டரே போதும்.

இடம்தான் முக்கியம். மலையில் பாதி வீடுகளுக்கு ஷீட் கூரை. தூறல் விழுந்தால்கூடப் பதிவில் கொதிக்கும் எண்ணெய்ச் சத்தம் மாதிரி கேட்கும். கம்பளி தொங்கும் சிறிய அறை, கதவு சாத்தி, ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மடித்த துண்டின் மேல் வைத்துப் பேசுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து பதிவு செய்வது இன்னும் நல்லது. தேயிலை ஃபாக்டரி லாரி ஓடத் தொடங்கியிருக்காது.

பிரசங்கக் குரல் வேண்டாம். "அல்லேலூயா சொல்லுங்க" என்று காதுக்குள் கத்தினால் அவர் நிறுத்திவிடுவார். எதிரில் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுங்கள். ஊர் பெயர், சபைப் பெயர், கேட்பவர் பெயர் எதையும் சொல்லாதீர்கள்.

7. வாரத்தை அமைப்பது

சவுதியில் விடுமுறை வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். ஆனால் கட்டடத் தொழிலாளிக்கும் ஹோட்டல் ஊழியருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய ஷிஃப்ட்தான் காலண்டர்.

நேர வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி. மாலே அரை மணி. ரியாத்தில் இரவு ஏழரை என்றால் இங்கே பத்து. வயதான போதகருக்கு அந்த நேரம் கஷ்டம் என்றால் வெள்ளிக் காலை அங்கே ஆறரை, இங்கே ஒன்பது என்று வையுங்கள்.

எங்களுக்கு ஒத்துவந்த வரிசை இது: சனிக்கிழமை தாளும் ஆடியோவும் போகும். செவ்வாய்க்குள் மாணவர் மூன்று கேள்விக்கும் குரல்பதிவில் பதில் அனுப்புவார். புதன் நேரலை. வெள்ளியன்று அவர் தன் ஐக்கியத்தில் அதே பகுதியை எடுப்பார். நேரலை ஏதாவது காரணத்தால் நடக்காவிட்டாலும் மற்ற மூன்றும் நடந்துவிடும். இப்படி அமைத்தால் மழைக்காலத்தில் நமக்கும், ஓவர்டைம் வாரத்தில் அவருக்கும் பாடம் அறுந்துபோகாது.

ரமலான் மாதத்தில் வேலை நேரம் எல்லாம் புரண்டுவிடும். அந்த மாதம் நேரலையை விட்டுவிட்டு ஆடியோ மட்டும் அனுப்புங்கள். பகலில் பொது இடத்தில் சாப்பிடாமல், மரியாதையோடு நடந்துகொள்வதையும் நினைவூட்டலாம். அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்தான்.

8. நேரலை நாற்பது நிமிடம்

ஜூம் இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தோடு வகுப்பு அறுந்துவிடும். அது நல்லதுதான், நம்மவர்களுக்கு அப்படி ஒரு கடிவாளம் வேண்டும். காத்திருப்பு அறையை இயக்குங்கள், பதிவு செய்யும் வசதியை அணையுங்கள், கேமரா எல்லாருக்கும் மூடியே இருக்கட்டும். லிங்க்கை ஒவ்வொரு வாரமும் புதிதாக உருவாக்கி, அரை மணி நேரத்துக்கு முன் தனித்தனியாக அனுப்புங்கள்.

பாட்டு வேண்டாம். சுவர் மெல்லியது. நீண்ட ஆரம்ப ஜெபமும் வேண்டாம். ஐந்து நிமிடம் வேதப்பகுதியை வாசிப்பது, இருபத்தைந்து நிமிடம் அவர்கள் அனுப்பிய பதில்களை வைத்துப் பேசுவது, பத்து நிமிடம் போன வாரம் ஐக்கியத்தில் எப்படிப் போனது என்று கேட்பது. போதிப்பவர் மொத்தத்தில் பாதி நேரத்துக்கு மேல் பேசினால் அது வகுப்பு இல்லை, கன்வென்ஷன்.

ஜெப விண்ணப்பம் சொல்லும்போதுதான் பெயர்கள் கொட்டும். "எங்க ரூம்ல இருக்கிற இன்னாருக்காக, அவரோட மேனேஜர் இன்னார்" என்று ஆரம்பிப்பார்கள். மென்மையாக நிறுத்தி, "ஒரு சகோதரனுக்காக என்று சொல்லுங்க, கர்த்தருக்குத் தெரியும்" என்று பழக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானாக வந்துவிடும்.

யாராவது திடீரென்று அறைக்குள் வந்தால் மாணவர் சொல்ல ஒரு சாதாரண வாக்கியம் முன்பே பேசி வைத்திருங்கள். "அம்மாகிட்ட அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டால், நாம் திரும்பக் கூப்பிடக் கூடாது. அவரே கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும்.

9. அவர் சொல்லிக் கொடுப்பதைப் பாருங்கள்

தேர்வு வைக்காதீர்கள். இந்தப் படிப்பின் அளவுகோல் ஒன்றுதான்: அவர் ஐக்கியத்தில் இன்னொருவர் அதே மூன்று கேள்வியை வைத்துப் பாடம் எடுக்க முடிகிறதா? 2 தீமோத்தேயு 2:2இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனிதர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் என நான்கு தலைமுறை வருகிறது. மூன்றாவது தலைமுறை வரைக்குமாவது நம் பாடம் போக வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒரு மாணவரிடம் வகுப்பை ஒப்படையுங்கள். இருபது நிமிடம் அவர் நடத்தட்டும், மற்றவர்கள் அவருடைய குழுவாக இருக்கட்டும். முடிந்ததும் முதலில் அவரே சொல்ல வேண்டும், எங்கே தடுமாறினேன் என்று. அப்புறம் நண்பர்கள். கடைசியாக நாம் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். ஒரே நாளில் ஏழு குறை சொன்னால் அடுத்த மாதம் "ஐயா, இந்த வாரம் நைட் ஷிஃப்ட்" என்று பதில் வரும்.

சான்றிதழ் கேட்பார்கள். வேலை செய்யும் நாட்டில் அது கையில் இருந்தால் சுமைதான். முறையான படிப்பு வேண்டும் என்பவருக்கு, ஊர் திரும்பிய பின் சேர வழிகாட்டுங்கள். பெங்களூரில் 1971இல் தொடங்கிய டாஃப்டி போன்ற விரிவாக்க இறையியல் படிப்புகள் வேலையில் இருந்தபடியே படிப்பவர்களுக்கென்று ஏற்பட்டவை.

10. பணம்

வாங்காதீர்கள், அனுப்பச் சொல்லாதீர்கள். அமீரகத்தில் உரிமம் இல்லாமல் நன்கொடை திரட்டுவது தனிக் குற்றம். இங்கே வெளிநாட்டு நிதி வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாகத் தன் ஊர்ச் சபைக்குக் கொடுப்பது அந்தச் சட்டத்தில் வராது என்றாலும், வகுப்போடு அதைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம். வகுப்புக்கு ஆகும் செலவு டேட்டாவும் இரண்டு இயர்ஃபோனும்தான். உள்ளூர்ச் சபை தாங்கும்.

11. ஒருவர் திடீரென்று பேசாமல் போனால்

பெரும்பாலும் ஓவர்டைம், ஃபோன் உடைந்தது, ரூம் மாறியது, இவைதான் காரணம். அதனால் பதற வேண்டாம். ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம்.

முதல் வாரம் ஒன்றும் அனுப்பாதீர்கள். அவர் ஃபோன் வேறு யார் கையிலாவது இருந்தால் நம் செய்தியே வினையாகும். இரண்டாம் வாரம் தொடர்பாளர், சேரும்போது அவரே கொடுத்த ஊர் எண்ணுக்கு, அதாவது மனைவிக்கோ அண்ணனுக்கோ, சாதாரணமாக நலம் விசாரிக்கட்டும். வகுப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அவர்களுக்கும் தகவல் இல்லையென்றால், நடவடிக்கையைக் குடும்பம்தான் எடுக்க வேண்டும். நாம் கூட நிற்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகம், வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) புகார் இணையதளம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை, இந்த மூன்றிடமும் குடும்பத்தார் பெயரிலேயே மனு போக வேண்டும். "ஆளைக் காணவில்லை" என்று எழுதுங்கள். காரணத்தை நாமே ஊகித்து எழுதினால், இல்லாத வழக்கை உண்டாக்கியது போலாகிவிடும்.

அவரைப் பற்றித் தகவல் தெரியும் வரை மற்ற மாணவர்களுக்கு வகுப்பை நிறுத்தி வையுங்கள். சபையில் அவசர ஜெபம் என்று அறிவிக்கத் தோன்றும். ஞாயிறு ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

12. ஒரு சுற்று முடிந்ததும்

ஒரு புத்தகம் முடிய மூன்று நான்கு மாதம் ஆகலாம். முடிந்ததும் பதில் குரல்பதிவுகள், அழைப்பு விவரங்கள், எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் அழியுங்கள். நினைவுக்காக ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், வேண்டாம். பாடத்தாள்களை மட்டும் அடுத்த வகுப்புக்கு வைத்திருங்கள். மாணவரும் தன் பக்கம் அழித்துவிட்டதாகச் சொல்லட்டும்.

லீவில் ஊருக்கு வருவார். கோயம்புத்தூரில் இறங்கி, மலையேறி, ஞாயிறன்று சபைக்கு வந்து பின் பெஞ்சில் உட்காருவார். மேடைக்குக் கூப்பிட்டு, "நம்ம தம்பி சவுதியில் பெரிய ஊழியம் செய்கிறார், சாட்சி சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுக்கக் கூடாது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். திரும்பிப் போக வேண்டிய விசா அவருக்கு இன்னும் இருக்கிறது. அந்த லீவு நாட்களில் இரண்டு மூன்று முறை நேரில் உட்கார்ந்து, அடுத்த சுற்றில் அவரே ஐந்து பேருக்கு எப்படிப் பாடம் எடுப்பது என்று பேசி முடித்துவிடுங்கள். ஆன்லைனில் ஒரு மாதம் ஆகும் வேலை அது.